தோவாளைப் பக்கத்திலிருந்து வடசேரிக்கு: ஒரு கறுப்பு சைக்கிளும் 830 கலோரியும்

இங்கே வருபவர் எடுத்துக்காட்டுக்காக நாங்கள் உருவாக்கிய ஆள். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் பலரிடம் பார்க்கிற குறைகளை ஒரே ஆளிடமும் ஒரே வண்டியிடமும் சேர்த்து வைத்திருக்கிறோம். சாலையும் காற்றும் குமரி மாவட்டத்துடையவை. கணக்கை யாரும் தாள் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

வயது 49, எடை 74 கிலோ. வீடு தோவாளைப் பக்கத்து ஊர் ஒன்றில். வேலை, நாகர்கோவில் வடசேரியில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுவது. ஒரு வழி 9 கி.மீ. வண்டி, நம் ஊரில் எல்லா வீட்டு முற்றத்திலும் ஒரு காலத்தில் நின்ற கறுப்பு சைக்கிள்: 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக், கியர் கிடையாது, எடை 21 கிலோ. சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர், குடை என்று கேரியரில் 5 கிலோ. எல்லாம் சேர்த்து உருளுவது 100 கிலோ. கணக்குக்கு வசதியான எண் இது.

அவருடைய முறையீடுகள் மூன்று. போன் செயலி ஒரு நாளைக்கு 830 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது, ஆறு மாதமாகியும் எடை குறையவில்லை. முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஓட்ட முடியவில்லை, மற்ற நாள் பஸ்தான். வண்டி கனமாக ஓடுவது அவருக்கும் தெரியும். ஆனால், "அண்ணே, கனமா மிதிச்சாத்தான் கொழுப்பு கரையும், அப்படியே விடுங்க" என்று ஒருவர் சொன்னதை நம்பி வண்டியைக் கடைக்குக் கொண்டு போகவில்லை.

830 எங்கிருந்து வந்தது

பல செயலிகளும் அட்டவணைகளும் உடல் உழைப்பை 'மெட்' என்ற அளவில் கணக்கிடுகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடுவது 1 மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி. (பேச்சில் கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியை.) பொதுவான சைக்கிள் ஓட்டத்துக்கு 2011-இல் வந்த அட்டவணையில் 7.5 மெட் என்று இருந்தது. இவர் ஒரு வழிக்கு 45 நிமிடம் எடுக்கிறார். 7.5 × 74 × 0.75 = 416. போக வர 832.

இங்கே தவறு இரண்டு. முதலாவது, 7.5 என்பது இவர் ஓட்டுகிற ஓட்டம் அல்ல. 16 கி.மீ. வேகத்துக்குக் கீழே நிதானமாக ஓட்டுவதற்கு அதே அட்டவணை தருவது 4 மெட்தான். 16 முதல் 19 கி.மீ. வேகத்துக்கு 6.8. இவருடைய வேகம் 12. இரண்டாவது, அந்த 45 நிமிடம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் 55 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சைக்கிள் எரித்தது. எடை குறைப்பவருக்கு வேண்டியது அந்த மிச்சம்.

மெட் அட்டவணையை நம்பாமல் நேராகச் சாலையிலிருந்தே கணக்கிடவும் முடியும். நம் கால் தசை, உண்ட சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் மிதிவேலையாக மாற்றுகிறது. மற்றது சூடாகிப் போகிறது. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். ஆகவே பெடலில் 1 கிலோஜூல் வேலை நடந்தால் உடலில் கிட்டத்தட்ட 1 கலோரி செலவு. மனதில் வைத்துக்கொள்ள இவ்வளவு எளிய சமன் வேறு கிடையாது. இனி வண்டியை எது பிடித்து இழுக்கிறது என்று பார்த்தால் போதும்.

வண்டியில் கண்டது

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். காற்றில்லாத விடியற்காலை, சமமான சாலை. 15 கி.மீ. வேகம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, வண்டி நிற்கும்வரை எவ்வளவு தூரம் உருளுகிறது என்று அளப்பது. 100 கிலோ மொத்த எடைக்கு, நல்ல நிலையில் உள்ள வண்டி ஏறத்தாழ 80 மீட்டர் உருள வேண்டும். இவருடையது 47 மீட்டரில் நின்றது. செயின், பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆகியவற்றின் குறை இந்தச் சோதனையில் தெரியாது, ஏனென்றால் அப்போது அவை சுற்றுவதில்லை. குறை சக்கரத்தில்தான் என்று இதுவே சொல்லிவிடுகிறது.

பெரிய குற்றவாளி டயர். கறுப்பு சைக்கிளின் வால்வில் ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அதில் சாதாரண அளவுமானி சரியாகக் காட்டாது. அதனால் பலர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 'சரி' என்று விட்டுவிடுகிறார்கள். விரலுக்குக் கல் போலத் தெரியும் டயர் ஆள் ஏறியதும் அமுங்கும். சரியான வழி ஸ்கேல். ஆள் ஏறாதபோது தரையிலிருந்து பின்சக்கர ரிம் விளிம்பு எவ்வளவு உயரம், ஆள் ஏறிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தபோது எவ்வளவு உயரம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டயரின் உயரம் 40 மி.மீ. என்றால், ஆள் ஏறியதும் 6 மி.மீ. போலத் தாழ்ந்தால் சரி. இவருடைய பின்டயர் 13 மி.மீ. தாழ்ந்தது. மொத்தப் பாரத்தில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில் விழுவதால் பின்டயருக்கு முன்டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

இதன் விலை என்ன? நல்ல காற்றுள்ள டயரில் உருளும் தடை, மொத்த எடையின் 0.8 சதவீதம் என்று வைத்தால் 7.85 நியூட்டன் விசை. நியூட்டனைக் கிலோமீட்டரால் பெருக்கினால் கிலோஜூல். 9 கி.மீ.க்கு 71 கிலோஜூல். தொய்ந்த டயரில் அதுவே 1.4 சதவீதமாகும், 124 கிலோஜூல். வால்வு ரப்பரில் விட்ட ஒரு வெடிப்புக்காக ஒரு வழிக்கு 53 கலோரி கூடுதலாகக் கொடுக்கிறார்.

அடுத்தது, பின்ரிம்மில் கோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் பிரேக் கட்டையில் உரசுகிறது. சராசரி 2 நியூட்டன் உரசல் என்று எடுத்தால் 9 கி.மீ.க்கு 18 கலோரி. செயின் காய்ந்து சிவந்திருக்கிறது. 12 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடைக்கு 35. எல்லாம் கூட்டி, செயினில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு 190 கலோரி. போக வர 380. போன் காட்டியதில் பாதிகூட இல்லை.

சீட்டோ, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் இருந்தது. முழங்கால் வலிக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். முன்பக்க வலி என்றால் சீட் தாழ்வு, பின்பக்க வலி என்றால் சீட் உயரம் என்று முதலில் சந்தேகிக்கலாம்.

இடது கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்றது. கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இந்தச் சத்தத்தோடு ஒரு மாதம் ஓட்டினால் கிராங்கின் ஓட்டையே தேய்ந்து, பிறகு எந்தப் பின்னும் நிற்காது.

திருத்தியது

வால்வு ரப்பர் முதலில். வெயிலில் வெடித்துக் காற்று கசியும். எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இன்றும் போதும். ரப்பரை மாற்றி, டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல், ஸ்கேலில் 6 மி.மீ. வரும்வரை அடிக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் அடிப்பதானால் ஒரு நொடி, நிறுத்தம், ஒரு நொடி என்று விட்டுவிட்டு அடியுங்கள். லாரி டயருக்கான அழுத்தம் அந்த மெல்லிய டியூபை நொடியில் வெடிக்க வைக்கும். பிறகு வாரம் ஒரு முறை கைப்பம்பு.

கோட்டம் எடுக்க: ரிம் இடப்பக்கம் சாய்ந்த இடத்தில் வலப்பக்க ஸ்போக்கின் நிப்பிளை (ரிம்மில் அதைப் பிடிக்கும் சிறு நட்டை) கால் சுற்று முறுக்கி, அதன் பக்கத்து இடப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வேண்டுமானால் மறுபடி கால் சுற்று. ஒரே மூச்சில் முழுச் சுற்று முறுக்குபவர் கோட்டத்தை இடம் மாற்றி வைக்கிறார், அவ்வளவுதான்.

காட்டர் பின்னை நட்டால் இழுத்து இறுக்கக் கூடாது, மரை போய்விடும். கிராங்கின் அடியில் இரும்புக் கட்டை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னை அடித்து இறக்கி, அதன் பிறகு நட்டைப் பூட்ட வேண்டும். 20 கி.மீ. ஓடியதும் மீண்டும் ஒருமுறை அடித்து நட்டை இறுக்கினால்தான் அது நிற்கும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது.

செயின் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கென்று தனிக் கவனம் தேவை. இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது, கடலுப்பும் உண்டு. முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் ஓட்டுபவர்களுக்குக் கடற்கரை மணல் வேறு. அந்த மணலில் இருக்கும் கார்னெட், உப்புத்தாள் செய்யப் பயன்படுத்தும் கனிமம். எண்ணெய் வழிய வழிய விட்ட செயினில் அது ஒட்டினால், ஒவ்வொரு கண்ணியையும் உள்ளிருந்து அறுக்கும். ஆகவே எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மட்டும் விட்டு, பெடலை இருபது சுற்று பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். புதிய பைக் எஞ்சின் ஆயில் போதும். பழைய எஞ்சின் ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும். வீட்டில் கைக்கு எட்டுகிற தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது தூசியைப் பிடித்துப் பசையாகி நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே மழையில் போய்விடும்.

செயின் தேய்மானத்தை அளக்க, 24 கண்ணிகளை ஸ்கேலில் பிடியுங்கள். புதியது 305 மி.மீ. 308 ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். இவருடையது 309. கூடவே ப்ரீவீலையும் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லில் புதுச் செயின் வழுக்கும். மாற்றத்தான் போகிறோம் என்பதால் இன்னொரு நல்ல காரியத்தையும் இதோடு செய்துவிடலாம். இந்த வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5.5 மீட்டர் போகும். எதிர்க்காற்றில் 10 கி.மீ. வேகத்துக்கு வண்டி தாழ்ந்தால் நிமிடத்துக்கு 30 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போல முழங்காலில் விழும். 20 பல் ப்ரீவீல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.9 மீட்டர், 34 சுற்று. தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று ஏற்ற இறக்கமாகப் போகிற மேற்குப் பக்கத்தவர்கள் 22 வரை போகலாம். 18-லிருந்து 20-க்குப் போக செயினில் கண்ணி சேர்க்க வேண்டியதில்லை. பின் அச்சு கால் அங்குலம் முன்னே வந்தால் போதும். பூட்டிய பிறகு செயினின் நடுவே விரலால் தூக்கிப் பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும்.

சீட்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் வரும், அப்போது முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். அதுதான் சரியான அளவு. இவருக்கு 5 செ.மீ. உயர்த்த வேண்டியிருந்தது. ஒரே நாளில் உயர்த்தக் கூடாது; 1 செ.மீ. உயர்த்தி இரண்டு நாள் ஓட்டி, அடுத்தது. தரையில் முழுப்பாதம் படியாது என்ற பயம் முதல் வாரம் இருக்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழகினால் அது போய்விடும். சீட் பைப் குறைந்தது 7 செ.மீ. பிரேமுக்குள் இருக்கட்டும்.

வண்டியை மாற்றவே வேண்டாமா என்று கேட்பார்கள். 21 கிலோ வண்டியை விட்டு 14 கிலோ வண்டி வாங்கினால் சமதளத்தில் 9 கி.மீ.க்கு மிச்சமாவது 5 கலோரி. காற்றடித்ததில் மிச்சம் 53. முள் முள்ளாகக் கட்டையிட்ட தடித்த டயர் போட்ட புது 'கியர் சைக்கிள்' தார்ச்சாலையில் இந்தக் கறுப்பு வண்டியைவிடக் கனமாகவே ஓடும். எட்டாயிரமோ பத்தாயிரமோ செலவழிக்க நினைப்பவர் முதலில் செயின், ப்ரீவீல், வால்வு ரப்பர், பிரேக் கட்டை மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இருட்டியபின் வருபவர் உரசு டைனமோவைக் கழற்றிவிட்டு சார்ஜ் விளக்கு மாட்டலாம். 3 வாட் வெளிச்சத்துக்காக டைனமோ காலிடம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வாங்குகிறது. பின்னால் சிவப்பு விளக்கும் மட்கார்டில் ஒளிரும் பட்டையும் கட்டாயம்.

குறைந்த கலோரி, கூடிய கணக்கு

இப்போது வண்டி அதே காலுக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறது. டயருக்கு 71, காற்றுக்கு 54, செயின் நட்டம் சேர்த்து ஒரு வழிக்கு 130 கலோரி, 36 நிமிடம். உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் 44-ஐக் கூட்டினால் 174. அட்டவணையின் 4 மெட் தருவது 178. இரு வேறு வழியில் போட்ட கணக்கு ஓரிடத்தில் வந்து சேர்கிறது.

அப்படியானால் போக வர 380 எரித்தவர் இனி 260 மட்டுமே எரிக்கிறார். கனமாக மிதிக்கச் சொன்னவர் ஜெயித்துவிட்டாரா? வாரத்தைப் பாருங்கள். கனமான வண்டியில் முழங்கால் அனுமதித்தது இரண்டு நாள்: 760. இலகுவான வண்டியில் ஆறு நாள்: 1,560. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் வீட்டுக்குச் சீக்கிரமாகவும் வருகிறார். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. இவருக்குக் கிடைப்பது 432 நிமிடம். பிரேக் உரசலால் வரும் உழைப்பு முழங்காலுக்குத்தான் போகிறது, வயிற்றுக்கு வரவில்லை.

எடை? ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி. பத்து வாரம் இப்படி ஓட்டினால் 15,600. சாப்பாடு மாறாமல் இருந்தால் இரண்டு கிலோ. சாப்பாடு மாறாமல் இருப்பதுதான் கடினம். 830 எரித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இவர் தினமும் மாலை இரண்டு ரசவடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு சாயாவும் சாப்பிட்டு வந்தார். வடை ஒன்று 10 கிராம் எண்ணெய் குடித்திருந்தால் இரண்டுக்கும் எண்ணெய் மட்டும் 180 கலோரி, மூன்று சிறு கரண்டி சர்க்கரை 60. பருப்பையும் பாலையும் சேர்க்காமலே 240. அன்றைய சைக்கிள் முழுதும் அந்தக் கடை வாசலில் முடிந்துவிடுகிறது. பசித்தால் ஒரு மட்டி வாழைப்பழம் போதும்.

இன்னொரு ஒப்பீடு. அதே 9 கி.மீ. தூரத்தை மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில் நடந்தால் 347 கலோரி, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல். தூரத்தால் அளந்தால் நடை மிக அதிகம் எரிக்கிறது. நேரத்தால் அளந்தால் நிமிடத்துக்கு நடை 3.1, சைக்கிள் 3.6. வேலைக்குப் போகிறவரிடம் இருப்பது நேரம்தான்.

ஆரல்வாய்மொழிக் காற்று

இந்தப் பாதையைக் காற்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். தோவாளையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர் காலையில் அதை முகத்தில் வாங்குகிறார், மாலையில் முதுகில்.

சாலை மட்டத்தில் காற்று நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிராக 10 கி.மீ. வேகத்தில் போகிறார். காற்றுக்கு மட்டும் 188 கிலோஜூல். மொத்தம் 269 கலோரி, 54 நிமிடம். திரும்பும்போது காற்றும் அவரும் ஒரே 18 கி.மீ. வேகம். காற்றுத் தடையே இல்லை. 74 கலோரி, 30 நிமிடம். வேகத்தைப் பார்த்துக் கணக்கிடும் செயலி என்ன சொல்லும்? மெதுவாகப் போன காலைக்கு 4 மெட், 266. வேகமாக வந்த மாலைக்கு 6.8 மெட், 252. உட்கார்ந்த கணக்கையும் சேர்த்த உண்மை காலையில் 336, மாலையில் 111. காலையில் ஒரு நாள் உழைப்பையே முடித்துவிட்டு வந்தவரிடம் இரண்டும் ஒன்றுதான் என்கிறது போன். வேகத்தை வைத்து உழைப்பை அளக்கும் எந்தக் கருவியையும் இந்த மாதங்களில் நம்ப வேண்டாம். மேற்கே மேடு பள்ளத்தில் ஓட்டுபவருக்கும் இதே எச்சரிக்கை. அங்கே 100 கிலோவை 1 மீட்டர் உயர்த்த 1 கலோரி என்று தனியே கூட்டிக்கொள்ளலாம்.

எதிர்க்காற்றில் முழங்கையை மடக்கிச் சற்றுக் குனிந்தாலே காற்றுக்குக் கொடுப்பதில் 30 கலோரி போல மிச்சம். சட்டைப் பொத்தான்களைப் பூட்டுங்கள், மழைக்கோட்டின் கீழ்ப்பகுதியைக் கட்டுங்கள். வேகத்தைக் காப்பாற்ற முயலாமல், நிமிடத்துக்கு எத்தனை மிதி என்பதைக் காப்பாற்ற வேண்டும். கூடுதலாக 20 நிமிடம் முன்னே கிளம்புவதுதான் வழி. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் இப்படிப்பட்ட காலையில் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது, பையில் சர்க்கரை இருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ வந்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனை.

அக்டோபரில் காற்று திரும்பும். வடகிழக்கு மழையில் கம்பி பிரேக்கின் ரப்பர் ஈர இரும்பு ரிம்மில் வழுக்கும். வழியில் வெள்ளமடத்தைத் தாண்டும்போதே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். நிறுத்தும் தூரத்தை வழக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நனைந்து வந்த இரவில் செயினைத் துணியால் ஒரு தடவை துடைத்து, ஐந்தாறு சொட்டு எண்ணெயை ஓடவிட்டால் காலையில் துரு இருக்காது. டயரின் 6 மில்லிமீட்டரை ஞாயிறுதோறும் ஸ்கேலில் பார்த்துவிடுங்கள்.